இரண்டாம் கிண்ணம்

என் கொழுந்தனார் தோக்வானுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது கோளாறு செய்யப் போகிறார் என்றால் முந்தின நாளே எனக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கி அனுப்பிவிடுவார். அந்த ஏப்ரல் மாதமும் ஜெஜு தீவு ஆரஞ்சு, நல்ல பெரிய பழங்களாக, பெட்டியோடு முற்றத்தில் வந்து இறங்கியது. நான் அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று நாள் சமையலில் மண்டை காய்ந்துபோயிருந்ததால் "வச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் எங்கள் மூதாதை ஐயாவின் திதி. பதினேழு தலைமுறைக்கு முன்னால் அரசரின் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லிப் பதவியை இழந்தவர். அதனால் அவருக்கு மட்டும் எத்தனை தலைமுறை ஆனாலும் படையலை நிறுத்தக் கூடாது என்று பிற்பாடு உத்தரவு வந்ததாம். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் ஒரு நாள் உண்மை சொன்னதற்கு நான் ஐம்பத்திரண்டு வருஷமாக அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிறேன். சோல்கோல் கிராமத்து நம்குங் குலத்தில் தலைவீடு எங்களுடையது. மூத்த மகன், அவனுடைய மூத்த மகன் என்று இறங்கி வரும் வழி. வருஷத்துக்குப் பன்னிரண்டு படையல்.

என் கணவர் போய்ச் சேர்ந்து, துக்கமும் முடிந்து, இரண்டு வருஷத்துக்கு முன் என் மகன் க்யூசோக் பொறுப்பேற்றான். அன்றோடு அவன் மனைவி சூயோன் இந்த வீட்டின் தலைமருமகள் ஆனாள். படையலில் முதல் கிண்ணம் மதுவை அவன் வைப்பான். இரண்டாம் கிண்ணம் அவளுடையது. குலத்தில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தாலும் அந்தக் கிண்ணத்தைத் தொட முடியாது. அடுப்படியில் வேகிறவளுக்கு இந்த வீடு கொடுக்கும் ஒரே மரியாதை அதுதான். அதை நான் முப்பத்தெட்டு வருஷம் வைத்துவிட்டு அவளிடம் கொடுத்தேன்.

சூயோன் வியட்நாமில் பிறந்தவள். பதினோரு வருஷத்துக்கு முன் தரகர் மூலம் வந்தவள். அவள் வந்த அன்று நான் அழுதேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அப்போது என் மகனுக்கு வயது முப்பத்தொன்பது. பன்னிரண்டு படையல் என்று கேட்டதும் பார்க்க வந்த கொரியப் பெண்கள் எல்லாரும் காப்பிக் கோப்பையைக்கூடக் காலி செய்யாமல் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவள் ஒருத்திதான் எழுந்து போகவில்லை.

இந்தத் திதியைப் படம் பிடிக்க சியோலிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வெளிநாட்டவருக்குக் கொரியாவை அறிமுகப்படுத்தும் புத்தகமாம். ஆங்கிலத்தில் வருமாம், தொண்ணூறு நாட்டு நூலகங்களுக்குப் போகுமாம், முதல் அத்தியாயமே எங்கள் வீடாம். ஏற்பாடு செய்தது தோக்வான். குலச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். புத்தகம் வந்தால் நம்குங் பெயர் உலகம் முழுக்கத் தெரியும் என்று இரண்டு மாதமாக யார் கிடைத்தாலும் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தின் ஆசிரியை பியோன் ஜிவோன். நாற்பது வயது இருக்கும். வெள்ளைக் காலணி, மெல்லிய குரல், எதற்கெடுத்தாலும் "மன்னிக்கணும்". காலையில் வந்ததும் படையல் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். அடுக்கிய கருவாட்டையும், முழுதாக அவித்த ஆக்டோபஸையும், கோபுரமாகக் கட்டிய பச்சரிசி மாவுப் பலகாரத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மன்னிக்கணும் அம்மா, மேசையில கிம்ச்சி காணோமே. நல்லா செவப்பா ஒரு தட்டு வச்சா படத்துக்கு எடுப்பா இருக்கும். வெளிநாட்டு வாசகர் முதல்ல அதைத்தான் தேடுவாங்க."

நான் பதில் சொல்வதற்குள் அவளுடைய உதவிப் பெண் ஒருத்தி எங்கள் குளிர்பெட்டியைத் திறந்து, நாங்கள் தின்னும் காரக் கிம்ச்சி ஊறுகாயை ஒரு பித்தளைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து ஆக்டோபஸுக்குப் பக்கத்தில் வைத்தேவிட்டாள். சூயோன் சோற்றுப் பானையோடு வந்தவள், ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தத் தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள்.

ஜிவோன் அவள் பக்கம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இது... கிம்ச்சி. கொரியாவோட... முக்கியமான... உணவு. சரியா?"

"ஏன் தெரியாம," என்றாள் சூயோன். "மொளகாயும் பூண்டும் மேசையில இருந்தா வர்ற ஐயா வாசப்படியோட திரும்பிப் போயிருவாருல்ல. நீங்க செத்த ஒத்துங்க, பானை சுடுது."

அவள் பேசுவது எங்கள் யேச்சோன் பக்கத்துக் கொச்சை. சியோல்காரிக்குப் பாதி விளங்கவில்லை. மொழிபெயர்க்கச் சொல்வதுபோல் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பதினோரு மணிக்குப் படையல் தொடங்கியது. நாற்பது ஆண்கள் வெள்ளை அங்கியில் பெரிய கூடத்தில் வரிசை கட்டினார்கள். ஐயாவின் பெயர் எழுதிய மரப்பலகையைக் கோயிலறையிலிருந்து கொண்டுவந்து பீடத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். க்யூசோக் சாம்பிராணி போட்டு, அழைப்பு மதுவை மணல் கிண்ணத்தில் மூன்று தரம் ஊற்றினான். அது ஆகிவிட்டால் ஐயா வந்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு எதையும் வேடிக்கைக்காகச் செய்ய முடியாது.

முதல் கிண்ணம் ஏறிக்கொண்டிருந்தபோது சூயோன் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். உடை மாற்றப் போனவள் அதே ஏப்ரனோடு திரும்பியிருந்தாள்.

"அம்மா, அங்கிப் பெட்டி காலியா இருக்கு."

இரண்டாம் கிண்ணம் வைப்பவளுக்கென்று பச்சைப் பட்டு அங்கி ஒன்றும் தலையில் வைக்கக் கறுப்புச் சிறு கிரீடம் ஒன்றும் உண்டு. என் மாமியார் உடுத்தி, நான் உடுத்தி, அவளுக்கு வந்தது. நேற்று நான்தான் தேய்த்து மடித்து வைத்தேன். ஆரஞ்சுப் பெட்டி நினைவுக்கு வந்தது. கூடத்தை ஒட்டிய பின்னறைக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே தோக்வானின் மகள் ஹேரின் உட்கார்ந்திருந்தாள். பச்சை அங்கி அவள் உடம்பில். உதட்டில் சாயம். ஒப்பனைக்காரி கிரீடத்துக்குக் கொண்டை ஊசி குத்திக்கொண்டிருந்தாள். ஜிவோன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேரின் என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள். "பெரியம்மா, படத்துக்கு மட்டுந்தான். உங்ககிட்ட சொல்லிட்டேன்னு அப்பா சொன்னாரே."

"ஆரஞ்சு வந்துச்சு. சேதி வரல."

கத்த முடியாது. அடுத்த அறையில் வாழ்த்துரை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், ஐயா உட்கார்ந்திருக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன். "கழட்டு."

"மன்னிக்கணும் அம்மா, நான் விளக்கறேன்," என்று குறுக்கே வந்தாள் ஜிவோன். "உங்க மருமகளை யாரும் குறைச்சுச் சொல்லல. ஆனா இந்தப் படம் கொரியாவோட முகம். பக்கத்தைத் திறக்கற வெளிநாட்டுக்காரங்க ஒரு கொரியப் பெண்ணை எதிர்பார்ப்பாங்க. அவங்களுக்குக் குழப்பம் வரக் கூடாது. உங்க மருமகளைப் பத்தித் தனியா ஒரு பெட்டிச் செய்தி போடறோம். அவங்க சமைக்கற மாதிரி ஒரு படத்தோட."

"ஓகோ. கிண்ணத்துக்கு இவ, கரண்டிக்கு அவளா?"

"அப்படி இல்லம்மா..."

"உனக்கு அறிவிருக்கான்னு கேக்க மாட்டேன், நீ சியோல்காரி." நான் ஹேரின் பக்கம் திரும்பினேன். "உனக்கு எங்கடி போச்சு? க்யூசோக் உனக்கு யாரு? பெரியப்பா மகன். கூடப் பொறக்காத அண்ணன். ரெண்டாம் கிண்ணம் வைக்கிறவ அவனுக்குப் பொண்டாட்டி. அண்ணனுக்குப் பக்கத்துல பொண்டாட்டி இடத்துல போய் நிக்கப் போறியா? அதுவும் ஐயாவுக்கு எதிர்ல?"

ஹேரின் முகம் சாயத்தையும் மீறி வெளுத்தது. படித்த பெண். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மூத்த மகன் வேண்டவே வேண்டாம், படையல் வேலை ஆகாதுன்னு சொல்லி, ரெண்டாவது மகனாத் தேடிக் கட்டிக்கிட்டவ நீ," என்றேன். "வேலை வேண்டாம். அங்கி மட்டும் வேணுமா?"

கூடத்தில் வாழ்த்துரை முடிந்தது. முறை சொல்லும் பெரியவர் நீட்டி முழக்கிக் கூப்பிட்டார். "இரண்டாம் கிண்ணம்."

 ஒப்பனைக்காரி ஊசியை வாயில் கவ்விக்கொண்டு விழித்தாள். எனக்குள் அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் தலைக்கு ஏறியது. நான் கூடத்துக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தேன். ஐம்பத்திரண்டு வருஷத்தில் படையல் நடுவில் நான் அந்தக் கூடத்தில் வாய் திறந்ததில்லை. எந்தப் பெண்ணும் திறந்ததில்லை.

முதலில் பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். "ஐயா, பொறுத்துக்கணும்." அப்புறம் ஆண்கள் பக்கம் திரும்பினேன். "உள்ள போய்ப் பாருங்க. நம்ம வீட்டுப் பொண்ணுக்குப் பச்சை அங்கி போட்டு அலங்காரம் பண்ணி வச்சிருக்காங்க, அவ அண்ணனோட சோடியா நிக்கிறதுக்கு. உங்கள்ல யார் யாருக்குத் தெரியும்?"

நாற்பது தலையும் குனிந்தன. அதில் பாதிக்கு மேல் தெரிந்துதான் இருந்தது என்று எனக்கு அப்போதே விளங்கியது. க்யூசோக்குக்குத் தெரியாது. மண்டியிட்டிருந்தவன் திரும்பி என்னையும் தன் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

தோக்வான் முன்வரிசையிலிருந்து நகர்ந்து வந்தார். "அண்ணி, மெதுவா. படந்தானே. அது முடிஞ்சதும் சூயோனே நெசக் கிண்ணத்த வச்சுக்கட்டும். வெளிநாட்டுக்காரனுக்கு யாரு தங்கச்சி யாரு பொண்டாட்டின்னு என்ன தெரியப்போகுது?"

"அவனுக்குத் தெரியாது. அதோ உக்காந்திருக்காரே, அவருக்குமா தெரியாது?"

"ஐயாவுக்கு எல்லாம் புரியும். வம்சத்துப் பேரு வெளிய தெரியணும்னுதான் அவரும் நெனப்பாரு." அவருக்கும் சூடு ஏறியது. "ஐநூறு வருச வீடு அண்ணி இது. அந்த இடத்துல ஒரு வியட்நாம்காரி நிக்கிற படத்தப் பாத்தா, இதுல கொரியா எங்க இருக்குன்னு கேப்பான். என்ன பதில் சொல்றது?"

"அடுப்படியில இருக்குன்னு சொல்லுங்க. மூணு நாளா குத்தவச்சு மாவு இடிச்சிட்டிருக்குன்னு சொல்லுங்க. நீங்க பெத்ததும் உங்க தம்பிமார் பெத்ததும் எதுவும் எட்டிப் பாக்காததால தூர தேசத்துலேர்ந்து ஒருத்தி வந்து அத இடிக்கிறான்னு சொல்லுங்க."

யாரோ பின்வரிசையில் இருமினார்கள். ஜிவோன் கூடத்து விளிம்பில், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். பாவம், அவளுக்கு வேலை நடக்க வேண்டும். ஒரு வழி சொன்னாள்.

"பின்பக்கமா எடுத்தா போதும் அம்மா. உங்க மருமகளே வைக்கட்டும். அங்கியும் கிரீடமும் தெரியும், முகம் தெரியாது. கீழ சூயோன்னு பேரு போட்டுடலாம். கொரியப் பேருதானே, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நல்ல யோசனை," என்றார் தோக்வான் உடனே.

"முதுகைக் காட்டி நிக்கிறதுக்கு அவ என்ன திருடியா?" என்றேன். என் குரல் உத்திரத்தில் முட்டித் திரும்பியது. "முகத்தப் போடு. அவ சொந்தப் பேரப் போடு. அவ அப்பன் ஆத்தா வச்ச பேரு. எழுதிக்க."

ஜிவோன் பேனாவைத் திறந்தாள். "சரிம்மா. சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. ல என்று ஏதோ வரும். மூன்று சொல் இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன் கல்யாணக் காகிதத்தில் ஒருமுறை பார்த்தேன். இதெல்லாம் இங்கே யார் வாயிலும் நுழையாது என்று, வந்த மூன்றாம் நாளே சூயோன் என்று வைத்தவள் நான்தான். அவளுக்குக் குடியுரிமை வந்தபோது நானே கூடப் போய்ப் பதிவேட்டிலும் மாற்றிவிட்டேன். பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு. திரும்பி வரும் வழியில் அவளுக்குக் குளிர் நூடுல்ஸ்கூட வாங்கிக் கொடுத்தேன்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் சொல்ல வாயெடுத்தான். பின்னறை வாசலிலிருந்து சூயோன் குரல் வந்தது.

"நீங்க சொல்லாதீங்க. அம்மா சொல்லட்டும்."

அவள் ஏப்ரனோடு நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. நாற்பது பேருக்கு எதிரில் அவள் காத்திருந்தாள், எனக்கு உதவ வரவில்லை. தோக்வான் உதட்டோரம் சிரித்தார். அந்தச் சிரிப்பை அறைந்து கலைக்க எனக்கு அன்று தகுதி இல்லாமல் போயிற்று. அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு இந்த வீட்டில் நடந்ததில்லை. 

ஹேரின்தான் முதலில் அசைந்தாள். கிரீடத்தைப் பிடுங்கி, அங்கியைக் கழற்றி, தலைகுனிந்து சூயோனிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். "தப்புதான் அண்ணி," என்றாள். சூயோன் வாங்கிக்கொண்டு ஏப்ரனை அவிழ்த்தாள். அங்கிக்குக் கயிறு கட்டும்போது என் பக்கம் வந்து நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"அவங்க மேல நீங்க கோவப்படுறது நாயந்தான் அம்மா. எடத்த எடுக்கப் பாத்தாங்க, ஒரு நாளைக்கு. பேர எடுத்தது நீங்க. பதினோரு வருசம் ஆச்சு."

பிறகு ஜிவோனிடம் திரும்பினாள். "எழுத வேணாம். உங்க புத்தகத்துல எம் முகமும் வேணாம், முதுகும் வேணாம். அந்தக் கேமராவத் தூக்கிட்டு வெளிய போங்க. ஐயா ரொம்ப நேரமாக் காத்திருக்காரு."

கொச்சைதான். இந்த முறை சியோல்காரிக்கு முழுதும் விளங்கியது.

கேமராக்காரர் முக்காலியை மடக்கும் சத்தம் அடங்கியதும் அவள் பீடத்துக்கு முன்னால் போனாள். க்யூசோக் எழுந்து விலகி நின்றான். கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள், துளி சிந்தவில்லை. நான்கு முறை விழுந்து வணங்கினாள். நான் சுவரோரமாகத் தலைகுனிந்து நின்றேன். என் கோபம் போகவில்லை. தோக்வான் மேலும் ஜிவோன் மேலும் பாய்ந்துகொண்டிருந்தது அப்படியே திரும்பி என் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைக் கொட்டித் தீர்க்கவும் ஆளில்லை.

மதியம் அடுப்படியில் படையல் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஆக்டோபஸைத் துண்டு போட்டபடியே கேட்டேன்.

"என்ன பேரு?"

"தாங் தி லுவா."

"இன்னொரு தரம் சொல்லு."

அவள் சொன்னாள். நான் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையாட்டவில்லை. நான்காவது தரம் சரியாக வந்தது. வாயில் நுழையாத பெயர் என்று சொன்னேனே, மூன்றே சொல். பன்னிரண்டு படையலின் வாழ்த்துரையையும் மனப்பாடமாகச் சொல்கிற வாய் என்னுடையது.

"பதிவேட்டுல மாத்திரலாமா? நானே வரேன்," என்றேன்.

"காகிதத்த அப்பறம் பாத்துக்கலாம். நான் முடிவு பண்ணிச் சொல்றேன்," என்றாள். அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

புத்தகம் இலையுதிர் காலத்தில் வந்தது. அதில் எங்கள் வீடு இல்லை. முதல் அத்தியாயத்தில் வேறு குலத்துத் தலைவீடு இருந்தது. அழகான இளம் மருமகள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, படையல் மேசையில் ஒரு தட்டு சிவப்புக் கிம்ச்சி. தொண்ணூறு நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துக் கொரியாவைத் தெரிந்துகொள்ளட்டும். தோக்வான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

திதி முடிந்த மறுநாள் காலையில் நான் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள், முதுகு எனக்கு. திரும்பவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. அடுத்த நாளும் அதே கதை. நான்காம் நாள் எனக்குப் பொறுமை போயிற்று.

"லுவா. கூப்புடுறது காதுல விழுதா இல்லையா?"

"விழுதும்மா," என்றாள், திரும்பாமலே. "கூப்புட்டுட்டே இருங்க."